ஐராவதிக் கரையில் இழந்ததும், காரைக்குடி மண்ணில் விதைத்ததும்

செட்டிநாட்டுத் தெருக்களிலே நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்தத் தெருவிலே முகப்பு. அடுத்த தெருவிலே பின்கட்டு! நடுவிலே வளவு, பட்டாலை, பர்மாத் தேக்கிலே தூண்கள், கண்ணாடிபோல் மின்னும் சுவர்கள். ஆனால், எத்தனையோ வீடுகளின் வாயிலிலே தொங்குவது தோரணமல்ல, பூட்டு! திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் திறப்பார்கள். பிறகு வௌவாலுக்கு விட்டுச் செல்வார்கள்.

அதே காரைக்குடியிலே பூட்டுத் தொங்காத இடம் ஒன்றும் இருக்கிறது. காலையிலே ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஏடும் கையுமாக அங்கே நுழைகிறார்கள். கட்டியது இரண்டையும் செட்டிநாட்டுப் பணந்தான். ஒன்று ஏன் பூட்டிக் கிடக்கிறது? மற்றொன்று ஏன் திறந்து கிடக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடும்போதுதான், கோட்டையூர் தந்த வள்ளல் அழகப்பரின் வாழ்வு நம் முன்னே வந்து நிற்கிறது.

கதை கடலுக்கு அப்பால் துவங்குகிறது. 1852ஆம் ஆண்டு கீழ்ப் பர்மாவை ஆங்கிலேயர் பிடித்தனர். ஐராவதிக் கழிமுகத்துக் காடுகள் கழனிகளாயின. காட்டை வெட்டப் பர்மிய உழவனுக்குப் பணம் வேண்டும். வெள்ளையன் வங்கியோ அவனை வாசற்படி ஏற்றாது. அந்த இடைவெளியிலே நுழைந்தவர்கள் நகரத்தார். கொண்டுவிக்கப் போவது என்று அதற்குப் பெயர். பெட்டியடிப் பையனாகப் போனவன் அடுத்தாளாகி, மேலாளாகி, ஆண்டுகள் சில கழித்து ஊர் திரும்புவான். 1930ஆம் ஆண்டு வாக்கிலே பர்மாவில் அவர்கள் போட்டிருந்த முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்று அரசினர் விசாரணைக் குழு கணக்கிட்டது.

பிறகு வந்தது உலகப் பொருளாதார வீழ்ச்சி. நெல் விலை சரிந்தது. உழவனால் வட்டி கட்ட இயலவில்லை. அடகு வைத்த நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டிமார் நிலம், 1938இல் 25 பங்காயிற்று. பணத்தைக் கேட்டவர்களுக்கு நிலம் வந்தது. நிலத்தோடு உழவனின் வயிற்றெரிச்சலும் வந்தது! 1930 இறுதியிலே சாயா சான் தலைமையில் உழவர் கிளர்ச்சி. 1938இல் இந்தியருக்கு எதிரான கலகம். நம்மவர் என்பதற்காக நாம் மறைக்கத் தேவையில்லை. நிலத்தைப் பறிகொடுத்தவன் பர்மியனாயினும் தமிழனாயினும் அவன் விடுகிற பெருமூச்சு ஒன்றுதான்.

1941 டிசம்பர் 23. இரங்கூனிலே ஜப்பானியர் குண்டு விழுந்தது. 1942 மார்ச்சிலே நகரமே வீழ்ந்தது. கப்பலிலே இடம் கிடைத்தவர் கப்பலேறினர். கிடைக்காதவர் நடந்தனர்! அரக்கான் மலை வழியே, தாமு வழியே மணிப்பூருக்கு. கூலியாள், கடைக்காரர், கணக்குப்பிள்ளை, கைக்குழந்தையோடு தாய் என நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். காய்ச்சலாலும் பசியாலும் வழியிலே மாண்டவர் பல்லாயிரவர். மூன்று தலைமுறை சேர்த்தது மூன்றே திங்களில் கையை விட்டுப் போயிற்று.

அந்த ஆண்டிலே அழகப்பருக்கு வயது 33.

அவர் 1909 ஏப்ரல் 6ஆம் நாள் பிறந்தவர். வட்டிக்கடைப் பெட்டியடிக்குப் போகவேண்டிய குலத்துப் பிள்ளை, சென்னை மாநிலக் கல்லூரிக்குப் போய் ஆங்கிலத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். இங்கிலாந்து சென்று பாரிஸ்டரானார். விமானம் ஓட்டவும் கற்றார். திரும்பியவர், கொடுத்து வாங்கும் தொழிலோடு நிற்கவில்லை. மலேயாவிலே இரப்பர்த் தோட்டம். கொச்சி நாட்டிலே நூற்பு ஆலை. ஆலையைச் சுற்றி எழுந்த ஊர் இன்றும் அழகப்ப நகர் என்றே வழங்குகிறது. 1945இல் ஆங்கில அரசு ‘சர்’ பட்டம் சூட்டியது. பின்னர் அதைத் துறந்தார்.

ஆலை கட்டிய செல்வர் நாட்டிலே பலர். நாம் அவரைப் பேசுவது ஆலைக்காக அல்ல. அந்த நாளின் ஆண்டு வரிசையை மட்டும் வாசகர் பார்க்க வேண்டுகிறோம்.

1942: பர்மா போயிற்று, மலேயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் கையிலே. செட்டிநாட்டு வீடுகளிலே பேரேடு இருக்கிறது. பேரேட்டிலே எழுதிய பணம் இல்லை. 1944: சென்னைப் பல்கலைக் கழகத்துக்கு அழகப்பர் அள்ளித் தந்த நிதியால் கிண்டியிலே தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. 1947 சூலை: சென்னையில் நடந்த கூட்டமொன்றிலே, செல்வர்கள் கல்லூரி அமைக்க முன்வர வேண்டும் என்று துணைவேந்தர் இலட்சுமணசாமி முதலியார் பேசினார். அதே கூட்டத்திலே எழுந்து, காரைக்குடியில் கல்லூரி காண்பேன் என்று அறிவித்தார் அழகப்பர். அடுத்த திங்களே, விடுதலை நாளுக்குச் சில நாட்கள் முன்னே, கல்லூரி திறந்தாயிற்று! வாக்குக் கொடுத்த வாய் மூடுமுன் வகுப்புத் தொடங்கிய விந்தை அது.

1948ஆம் ஆண்டு இரண்டு செய்திகளைத் தாங்கி வருகிறது. விடுதலை பெற்ற பர்மா நில நாட்டுடைமைச் சட்டம் இயற்றியது. செட்டிமார் நிலத்தை மீட்கும் நம்பிக்கை கரையத் துவங்கியது. அதே ஆண்டு சூலை 25ஆம் நாள், காரைக்குடிப் பொட்டலிலே மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்துக்குப் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். அதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்தவர் அழகப்பர். பெருநகரங்களைத் தேடிப் போகவேண்டிய ஆய்வுக்கூடம், மழையை நம்பி வாழும் இராமநாதபுரத்துச் சீமைக்கு வந்தது. 1953இல் அதைத் திறந்து வைத்தவர் டாக்டர் இராதாகிருட்டிணன். ஒரு கரையிலே 25 பங்கு நிலம் போயிற்று. மறு கரையிலே 300 ஏக்கர் நிலைத்தது. எது பெரிது? கணக்கு எழுதத் தெரிந்தவர்களே சொல்லட்டும்!

சென்னையிலே இராமானுசன் பெயரால் கணித ஆய்வுக்கூடம்; காரைக்குடியிலே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, 1952இல் பொறியியற் கல்லூரி. இத்தனையும் நோயின் பிடியிலே நொந்தபடியே செய்தார். 1957 ஏப்ரல் 5ஆம் நாள் மறைந்தார். 48 வயது நிறைய ஒரே ஒரு நாள்!

பர்மாவின் கதை அத்தோடு முடியவில்லை. 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகள் நாட்டுடைமையாயின, 1964இல் பெரிய நோட்டுகள் செல்லாக் காசாயின. ஏறத்தாழ மூன்று இலட்சம் இந்தியர் மீண்டும் மூட்டை கட்டினர். இம்முறை வந்தவர்களிலே பலர் மாளிகை இல்லாதவர்கள். கொண்டுவந்தது கட்டிய துணியும் கற்ற பர்மியச் சமையலுந்தான். காரைக்குடியிலே பர்மா காலனி என்ற பெயர் இன்றும் அந்தத் துயரத்தின் முகவரியாக இருக்கிறது. அந்தத் தகப்பன்மார் ஊர் வந்து சேர்ந்தபோது, பிள்ளைகள் படிக்கக் கல்லூரி ஒன்று கூப்பிடு தூரத்திலே எழுந்து நின்றது என்பதை எண்ணிப் பார்க்கிறோம். நெஞ்சு நெகிழ்கிறது.

கொடைக்குப் பின்னே புகழாசை இல்லையா என்று கேட்போர் உண்டு. இருக்கட்டுமே! புகழை விரும்பியவர்கள் இருவகை. தன் வீட்டு முகப்பை உயர்த்தியவர் ஒரு வகை. ஊரான் பிள்ளையை உயர்த்தியவர் மறுவகை. முதல் வகையின் தேக்குத் தூண்கள் இன்று பழம்பொருள் கடையிலே விலை கூறப்படுகின்றன. இரண்டாம் வகை 1985இல் பல்கலைக் கழகமாக வளர்ந்து, அழகப்பர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இன்றும் சிவகங்கைச் சீமை இளைஞன் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பயணப்படுகிறான். போகட்டும், பொருள் தேடட்டும், வேண்டாமென்று சொல்ல நாம் யார்? ஆனால், அயலான் மண்ணிலே நாம் ஊன்றுவது கூடாரம். அரசு மாறினால், அமளி மூண்டால், ஒரே இரவிலே அது சுருட்டப்படும். கற்ற கல்வியையோ எந்தப் படையும் பறிக்க முடியாது. எந்தச் சட்டமும் செல்லாதென்று சொல்ல முடியாது. கடல் கடந்து ஈட்டும் செல்வத்திலே ஒரு பிடியை ஊர்ப் பள்ளிக்கூடத்திலே விதைத்துவிட்டு மறுபடி கப்பலேறுங்கள் என்றுதான் கேட்கிறோம். பூட்டிய மாளிகையும் திறந்த கல்லூரியும் ஒரே ஊரிலே நிற்கின்றன. பாடம் கண்ணெதிரே இருக்கிறது. படிக்க வேண்டியது நாம்!