போதிக்கத் தெரிந்த பேராயர்
தோர்ணக்கல் அசரியாவின் வாழ்க்கை தரும் பாடம்

(நமது ஆர்.கே.புரம் நிருபர்)

டில்லியிலிருந்து ஊருக்குப் போகும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸும் வாரங்கலுக்கும் விஜயவாடாவுக்கும் நடுவே ஒரு சிறிய ஜங்ஷனைக் கடந்து போகின்றன. பத்ராசலம் ரோடுக்குக் கிளைப்பாதை பிரியும் அந்த ஜங்ஷனின் பெயர் தோர்ணக்கல். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த தமிழர் ஒருவர் அங்கே குடியேறி, வேற்று மொழி பேசிய ஏழை மக்களுக்குச் சுமார் 35 ஆண்டுகள் ஆசானாக இருந்து, அந்த மண்ணிலேயே உயிர் நீத்தார் என்பது நம்மவரில் பலருக்குத் தெரியாது. அவர்தான் காலஞ்சென்ற பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆங்கிலிக்கன் திருச்சபையில் பேராயர் பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே.

திருச்சபைத் தலைவருக்கு வேண்டிய முதல் தகுதி எது? நிர்வாகத் திறமையா, பேச்சு வன்மையா, பின்னால் நிற்கும் கூட்டமா? கண்காணியாக இருப்பவன் போதிக்கத் தக்கவனாக இருக்க வேண்டும் என்று அப்போஸ்தலர் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார். அதைத் தம் வாழ்நாள் முழுதும் கடைப்பிடித்தவர் அசரியா.

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள வெள்ளாளன்விளையில் 1874-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் தேதி அவர் பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம் அவ்வூர்ச் சபையின் குருவானவர். 1889-இல் தந்தை காலமான பிறகு பக்தியிலும் கண்டிப்பிலும் குறையாத தாயின் கையில் அசரியா வளர்ந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தாராயினும் பி.ஏ. பட்டம் பெறவில்லை. ஆனால் சத்தியவேதத்தைக் கற்பதை அவர் ஒருநாளும் நிறுத்தவில்லை. பின்னாளில், 1920-இல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் தந்தபோது, பட்டமில்லாத அந்த மாணவருக்கு மிகப் பெரிய பட்டமே கிடைத்தது.

1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகத் தென்னாடெங்கும் சுற்றினார். 1898-இல் அன்பு மாரியம்மாளை மணந்தார். 1902-இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் சேர்த்து வெளியிடங்களுக்கு ஊழியரை அனுப்புவதைக் கண்டார். தொகையில் எத்தனையோ மடங்கு பெரிய திருநெல்வேலிச் சபை அப்படி ஒன்றும் செய்யவில்லையே என்று அவர் மனம் வருந்தியது. அந்த வருத்தத்தின் பலனாக 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. 1905 டிசம்பர் 25-ஆம் தேதி செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டபோதும் முன்னின்றவர்களில் அவர் ஒருவர்.

திருநெல்வேலிச் சங்கத்தார் தேர்ந்துகொண்ட ஊழியக் களம் நிஜாம் ராஜ்யத்திலிருந்த தோர்ணக்கல். மற்றவர்களை அங்கே போகச் சொல்லிவிட்டுத் தாம் சென்னையில் இருப்பது சரியல்ல என்று அசரியா கருதினார். 1909-இல் குருப்பட்டம் பெற்று, குடும்பத்துடன் அங்கே போய்ச் சேர்ந்தார். ஏறத்தாழ 35 வயதில் தெலுங்கு கற்றார். பாஷை தெரியாத ஊரில் பிழைக்க வந்த நமக்கு அதன் சிரமம் நன்றாகவே தெரியும்.

1912 டிசம்பர் 29-ஆம் தேதி கல்கத்தா செயின்ட் பால்ஸ் பேராலயத்தில் அவர் பேராயராக அபிஷேகம் செய்யப்பட்டார். எதிர்ப்பு இல்லாமல் இல்லை. இந்தியர் ஒருவருக்குக் கீழே வெள்ளைக்கார மிஷனெரிகள் எப்படி வேலை செய்வது என்று சிலர் கேட்டனர். திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களிலேயே சாதியை நினைத்து முகம் சுளித்தவர்கள் இருந்தனர். அசரியா அவர்களுக்குத் தம் வேலையாலேயே பதில் சொன்னார்.

அந்த வேலை சாமானியமானதல்ல. மாலா, மாதிகா ஆகிய ஒடுக்கப்பட்ட சமூகத்து மக்கள் ஊர் ஊராகத் திருச்சபைக்கு வந்துகொண்டிருந்தனர். பெரும்பாலோருக்கு எழுத்தறிவு கிடையாது. இப்படி வருகிறவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கணக்கு எழுதிவிட்டால், பெயர் மாறும், வாழ்க்கை மாறுமா? பஞ்சம் வந்தாலோ, பண்ணையார் மிரட்டினாலோ அந்த விசுவாசம் நிற்குமா? இதுவே அவர் முன் நின்ற கேள்வி.

அவர் கண்ட வழி போதனை. முதலில் போதகர்களைத் தயார் செய்தார். கிராம உபதேசிமார் மனைவி மக்களுடன் தோர்ணக்கலில் தங்கிப் படித்தார்கள். வேதபாடத்துடன் உடலுழைப்பும் உண்டு. கணவனுக்குப் பாடம் நடந்தால் மனைவிக்கும் பாடம் நடந்தது. தாய்க்குத் தெரியாதது பிள்ளைக்குப் போய்ச் சேராது என்பது அவர் எண்ணம். இதில் அன்பு அம்மையாரின் பங்கு பெரிது. படிக்கத் தெரியாத ஜனங்களுக்கு வேதக் கதைகளையும், கர்த்தருடைய ஜெபத்தையும், பத்துக் கற்பனைகளையும், விசுவாசப் பிரமாணத்தையும் வாய்ப்பாடமாகவும் தெலுங்குக் கீர்த்தனைகளாகவும் கற்றுக்கொடுத்தார்கள். பேராயரே மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகச் சென்றார். உபதேசிமாருக்கென எளிய நடையில் பாடநூல்களும் எழுதினார்.

போதனை வாயோடு நின்றுவிடக் கூடாது என்பதிலும் அவர் கறாராக இருந்தார். அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கும் கிராமத்தைப் பிடித்த பேய்கள் என்று கருதி, அவற்றை ஓட்டுவதையும் வேதபாடத்தின் பகுதியாக்கினார். ஏழையும் காணிக்கை கொடுக்க வேண்டும் என்றார். பிடி அரிசியானாலும் தன் சபையைத் தானே தாங்க வேண்டும் என்பது அவர் கொள்கை. சேரி மக்களின் நடையுடை மாறியதைக் கண்டு, பிற சாதியாரிலும் பலர் பின்னாளில் சபையை நாடி வந்தனர்.

1924-இல் தோர்ணக்கல் திருமண்டலத்தில் இந்தியக் குருமார் 53 பேர். 1935-இல் 250 பேர். கிராம உபதேசிமார் 2,000-க்கும் மேல். தலைவர் ஒருவர் போதித்தால் போதிக்கிறவர்கள் எத்தனை பேர் உருவாகிறார்கள் என்பதற்கு இந்தக் கணக்கே சாட்சி.

1930-களில் மதமாற்றம் குறித்து மகாத்மா காந்திக்கும் அவருக்கும் கருத்து வேற்றுமை எழுந்தது. தாழ்த்தப்பட்ட மக்கள் சமய உண்மைகளை விளங்கிக்கொண்டு மதம் மாறுவதில்லை என்பது காந்தியடிகளின் கருத்து. ஏழைக்கும் விளங்கிக்கொள்ளும் அறிவு உண்டு, தேர்ந்துகொள்ளும் உரிமையும் உண்டு என்பது அசரியாவின் நிலை. இந்த வாதத்தில் யார் பக்கம் நியாயம் என்பது அவரவர் எண்ணம். ஆனால், கல்லாதவனுக்கு விளங்கவைக்க முடியும் என்று சொன்னவர், அதைச் செய்துகாட்டவும் வாழ்நாளைச் செலவிட்டார்.

1939-இல் தோர்ணக்கலில் பேராலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. இந்து, முஸ்லிம் கட்டடக் கலைகளின் சாயல் கொண்ட அந்த ஆலயத்தை இன்றும் காணலாம். 1945 ஜனவரி முதல் தேதி பேராயர் மறைந்தார். அவர் பாடுபட்ட தென்னிந்தியத் திருச்சபை ஐக்கியம் 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி நிறைவேறியது. அதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இன்று சபைத் தேர்தல் என்றால் எந்த ஊர்க்காரர், எந்தச் சாதி, எவ்வளவு செலவழிப்பார் என்ற பேச்சே முன்னால் வருகிறது. வேதம் தெரியுமா, பிறருக்குச் சொல்லித்தரத் தெரியுமா என்று கேட்பவர் குறைவு. ஊரை விட்டு வந்து ஆர்.கே.புரம் போன்ற குடியிருப்புகளில் வாழும் நம் குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் அவசியம். பிள்ளைகள் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். தமிழ் வேதாகமத்தை வாசிக்கத் திணறுகிறவர்களும் உண்டு. மாற்றலாகி வந்து போகும் குடும்பங்களை அறியாதவர்கள் எளிதில் தவறான உபதேசத்துக்கு இழுத்துவிடலாம். அற்புதம் செய்வதாகச் சொல்பவரும், காணிக்கைக்கு ஆசீர்வாதம் விற்பவரும் கதவைத் தட்டும்போது, சரி எது, பிழை எது என்று பிரித்துச் சொல்ல ஆள் வேண்டும்.

அதற்குப் பெரிய கட்டடமோ நிதியோ தேவையில்லை. தாமும் படித்து, வாரம் ஒரு மணி நேரம் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லித்தரும் மூப்பர் ஒருவர் போதும். அடுத்த முறை சபைக்குப் பொறுப்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போது, அப்படிப்பட்டவர் யார் என்று முதலில் விசாரிப்போமாக.