மா. கிருஷ்ணன்

மா. கிருஷ்ணன் (சூன் 30, 1912 – பெப்ரவரி 18, 1996) தமிழகத்தைச் சேர்ந்த இயற்கையியலாளர், எழுத்தாளர், ஒளிப்படக் கலைஞர். ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியவர். காட்டுயிர்களைக் காப்பது என்பது அவை வாழும் நிலத்தையும் அந்நிலத்திற்கே உரிய செடிகொடிகளையும் சேர்த்துக் காப்பதே என்று வலியுறுத்தியவர். இந்திய அரசின் பத்மசிறீ விருது பெற்றவர்.

பிறப்பும் கல்வியும்

கிருஷ்ணன் திருநெல்வேலியில் பிறந்தார். இவர் தந்தை, பத்மாவதி சரித்திரம் என்னும் புதினத்தை எழுதிய அ. மாதவையா. மாதவையாவின் சொந்த ஊர் பெருங்குளம். இவ்வூர் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. 1925-இல் தந்தை காலமானார். கிருஷ்ணன் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றார். அங்கு தாவரவியல் பேராசிரியர் பைசனுடன் மலைப்பகுதிகளுக்குக் களப்பயணம் மேற்கொண்டார். பின்னர் சட்டமும் பயின்றார்.

பணிகள்

1942 முதல் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள், இன்று கருநாடகத்தில் உள்ள சண்டூர் சமஸ்தானத்தில் ஆசிரியர், நீதிபதி உள்ளிட்ட பல பொறுப்புகளை வகித்தார். சமஸ்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணைந்த பின் சென்னைக்குத் திரும்பி, எழுத்தையும் ஒளிப்படத்தையும் நம்பியே வாழ்ந்தார். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் இதழில் 1950-இல் தொடங்கிய இவரது இயற்கைப் பத்தி 1996 வரை வெளிவந்தது. அதில் புலி, யானை மட்டுமன்றி அணில், காகம், வயல்வெளிப் பறவைகள் போன்ற எளிய உயிர்களும் இடம்பெற்றன. கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். தமிழில் கதிரேசன் செட்டியாரின் காதல் என்னும் துப்பறியும் புதினத்தையும் எழுதினார். இவருடைய தமிழ்க் கட்டுரைகள் மழைக்காலமும் குயிலோசையும் என்ற தொகுப்பாக வெளிவந்துள்ளன.

காடுகள் பற்றிய பார்வை

ஜவகர்லால் நேரு ஆய்வு நல்கை பெற்று, இந்தியத் தீபகற்பத்தின் பெரிய பாலூட்டிகளைக் களத்தில் ஆராய்ந்தார். இவ்வாய்வு 1975-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தால் நூலாக வெளியிடப்பட்டது. நீர்மின் திட்டங்களும் தோட்டப்பயிர்களும் கால்நடை மேய்ச்சலும் காடுகளைச் சுருக்குவதை இவர் எடுத்துக்காட்டினார். அயல்நாட்டு மரங்களை நடுவதைக் கடுமையாக எதிர்த்தார். அவ்வாறு பசுமையாக்கப்படும் நிலம் காடு ஆகாது என்பது இவரது கருத்து. இந்தியக் காட்டுயிர் வாரியத்திலும் உறுப்பினராக இருந்தார்.

கரிசல் நிலமும் துண்டான காடுகளும்

கிருஷ்ணன் பிறந்தபோது கோவில்பட்டி, கடம்பூர், கயத்தாறு ஆகிய ஊர்கள் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. 1986-இல் இவை தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தன. மழை குறைந்த இக்கரிசல் பகுதியில் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து முதலியன மானாவாரியாக விளைகின்றன. உடைமரமும் புதரும் நிறைந்த முட்காடு இங்கு குன்றுகளிலும் காப்புக்காடுகளிலும் துண்டுதுண்டாகவே எஞ்சியுள்ளது. அயல்நாட்டுத் தாவரமான சீமைக்கருவேலம் தரிசுகளில் பரவியுள்ளது.

இம்மாவட்டத்தின் வல்லநாடு வெளிமான் காப்பகம் 1987-இல் அமைக்கப்பட்டது. இதன் பரப்பு 16.41 சதுர கிலோமீட்டர். இந்தியாவின் தென்கோடியில் இயற்கையாக வாழும் வெளிமான் கூட்டம் இங்குள்ளது. வெளிமான் (புல்வாய்) திறந்த புல்வெளியில் வாழும் விலங்கு. அடர்ந்த மரக்காடு அதற்கு ஏற்றதன்று. ஆகவே வெற்றிடமாகத் தோன்றும் புல்தரையில் மரம் நட்டாலும், சீமைக்கருவேலம் புகுந்தாலும் அதன் வாழிடம் குறைகிறது. சுற்றிலும் வயல்களும் சாலைகளும் ஊர்களும் சூழ்ந்த இடத்தில் ஒரு கூட்டம் மற்றொன்றுடன் கலக்க இயலாது. இதனால் மரபணு வேறுபாடு குறையும். வறட்சியோ நோயோ தாக்கினால் இழப்பை ஈடுசெய்ய வெளியிலிருந்து விலங்குகள் வந்து சேர்வதில்லை. மேய்ச்சல் தேடி வெளியேறும் மான்கள் பயிரை மேய்வதால் உழவர்களுக்கும் இழப்பு நேர்கிறது.

பரப்பை வேலியிட்டுக் காத்தால் மட்டும் போதாது, மண்ணுக்குரிய தாவரங்களும் நிலைக்க வேண்டும் என்ற கிருஷ்ணனின் நிலைப்பாடு, மழைக்காடுகளுக்கு மட்டுமன்றி இவ்வறண்ட நிலத்திற்கும் பொருந்துவதாகும்.