தில்லையாடி வள்ளியம்மை

1860ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், சென்னையிலிருந்து புறப்பட்ட கப்பல் ஒன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் மாநிலத்தின் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்வதற்காக ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியர்கள் அதில் இருந்தனர். அவர்களுக்குப் பின் மேலும் பல கப்பல்கள் சென்றன. தொழிலாளர்களைத் தொடர்ந்து வணிகர்களும் அங்குக் குடியேறினர்.

அவ்வாறு குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தில், 1898ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் வள்ளியம்மை பிறந்தார். தந்தையார் முனுசாமி முதலியார், தாயார் மங்களம். அவர்கள் டிரான்ஸ்வால் மாநிலத்திலுள்ள ஜோகன்னஸ்பர்க் நகரில் வாழ்ந்தனர். தமிழகத்தில் தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையாடியே அக்குடும்பத்தின் பூர்வீக ஊர். அதனால்தான் வள்ளியம்மையின் பெயரோடு அவ்வூரின் பெயரும் சேர்ந்தே வழங்குகிறது.

அக்காலத்தில் தென்னாப்பிரிக்க இந்தியர்கள் பல கொடுமைகளுக்கு ஆளாயினர். அவற்றுள் ஒன்று தலைவரி. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் நேட்டாலில் தங்க விரும்பிய தொழிலாளர்கள், ஆண்டுதோறும் 3 பவுன் வரி கட்ட வேண்டியிருந்தது. ஓர் ஒப்பந்தத் தொழிலாளிக்குத் தொடக்கத்தில் கிடைத்த மாத ஊதியம் 10 ஷில்லிங் மட்டுமே. 3 பவுன் என்பது 60 ஷில்லிங். அஃதாவது, ஆறு மாத ஊதியத்தை வரியாகக் கொடுக்க வேண்டும்! கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் என ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வரி விதிக்கப்பட்டதால் ஏழைக் குடும்பங்கள் நொடித்துப்போயின.

1913ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மற்றோர் இடி விழுந்தது. கிறிஸ்துவ முறைப்படி நடைபெறாத திருமணங்கள் செல்லா என்னும் பொருள்படும் தீர்ப்பை நீதிமன்றம் ஒன்று வழங்கியது. பெரும்பாலான இந்தியப் பெண்கள் ஒரே நாளில் மனைவி என்னும் உரிமையை இழந்தனர். அதுவரை வீட்டிற்குள் இருந்த பெண்கள், காந்தியடிகள் தலைமையில் நடந்த அறப்போராட்டத்தில் இறங்கினர்.

அப்போது வள்ளியம்மைக்கு வயது பதினைந்து. வணிகர் குடும்பத்தில் பிறந்து டிரான்ஸ்வாலில் வாழ்ந்த அவர், அந்தத் தலைவரியைக் கட்ட வேண்டியவர் அல்லர். இருப்பினும், பிறர் படும் துன்பத்தைக் கண்டு அவரால் வாளாவிருக்க இயலவில்லை. தாயாருடன் அவரும் போராட்டத்திற்குப் புறப்பட்டார். அக்காலத்தில் இந்தியர்கள் அனுமதியின்றி ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்திற்குச் செல்வது குற்றமாகும். அதை அறிந்தே பெண்கள் குழுக்களாக எல்லையைக் கடந்து நேட்டாலுக்குள் நுழைந்தனர். தொழிலாளர்களைச் சந்தித்து, வரியின் கொடுமையை விளக்கி, வேலைநிறுத்தம் செய்யுமாறு வேண்டினர்.

1913ஆம் ஆண்டு டிசம்பரில் வள்ளியம்மைக்கு மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. மாரிட்ஸ்பர்க் சிறையில் அடைக்கப்பட்ட சிறிது காலத்திலேயே அவர் நோய்வாய்ப்பட்டார். அவரது நிலையைக் கண்ட சிறை அதிகாரிகள், தண்டனைக் காலம் முடியும் முன்னரே அவரை விடுவிக்க முன்வந்தனர். வள்ளியம்மை அதை ஏற்க மறுத்துவிட்டார்.

பின்னர் சிறையிலிருந்து வெளியே வந்தபோது, கடுங்காய்ச்சல் அவரை உருக்குலைத்திருந்தது. உயரமான அவருடைய உடல் எலும்பும் தோலுமாக மெலிந்திருந்தது. அவரைக் காண வந்த காந்தியடிகள் மனங்கலங்கினார். சிறை சென்றதற்காக வருந்துகிறாயா என்று அவர் கேட்டபோது, வருத்தம் சிறிதும் இல்லை என்றும், தேவைப்பட்டால் மீண்டும் சிறை செல்ல ஆயத்தமாக இருப்பதாகவும் வள்ளியம்மை கூறினார். உயிர் போனாலும் கவலையில்லை என்றார்.

1914ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் வள்ளியம்மையின் உயிர் பிரிந்தது. அன்றுதான் அவருக்குப் பதினாறு வயது நிறைந்தது. அவ்வாண்டின் நடுப்பகுதியில் புதிய சட்டம் ஒன்று நிறைவேறியது. தலைவரி நீங்கியது, இந்தியர்களின் திருமணங்களும் சட்டத்தின் ஏற்பைப் பெற்றன. அந்த வெற்றியைக் காண வள்ளியம்மை இல்லை. அதே ஆண்டு ஜூலையில், இந்தியாவுக்குத் திரும்பும் முன்னர், காந்தியடிகள் ஜோகன்னஸ்பர்க் சென்று வள்ளியம்மையின் கல்லறையில் அஞ்சலி செலுத்தினார். 2008ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருடைய நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. தில்லையாடியில் அவருக்கு நினைவு மண்டபமும் உண்டு.

வள்ளியம்மை தம் வீட்டிலேயே பாதுகாப்பாக இருந்திருக்கலாம். நோயுற்றபோதாவது சிறையிலிருந்து வெளியேறியிருக்கலாம். இரண்டையும் அவர் விரும்பவில்லை. தமக்கு விதிக்கப்படாத வரிக்காகத் தம் உயிரையே கொடுத்த அந்த இளம்பெண், தென்னாப்பிரிக்கத் தமிழர் வரலாற்றில் அழியா இடம் பெற்றுவிட்டார்.