சம்பளம் வாங்காத பேராசிரியர்

வள்ளூர் பக்கம் கோயில் திருவிழா என்றால் தெருவெல்லாம் சீரியல் செட் கட்டிவிடுவார்கள். சிவப்பு ஓடும், பச்சை துரத்தும், பிறகு எல்லாம் சேர்ந்து கண் சிமிட்டும். எந்த வரிசை எப்போது எரிய வேண்டும், எப்போது அணைய வேண்டும் என்பதை மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சில்லைக் கொண்டு கட்டுப்படுத்தலாம். எல்.இ.டி. விளக்கு, அதை ஆட்டி வைக்கும் சில்லு இரண்டுமே குறைக்கடத்தியால் ஆனவை. செம்பைப் போல மின்சாரத்தைத் தாராளமாக விடாமலும், ரப்பரைப் போல அடியோடு தடுக்காமலும் இருக்கும் பொருள் அது. அதில் கருவி செய்து முதன்முதலில் காப்புரிமை பெற்றவர் நம் நாட்டு ஜகதீஷ் சந்திர போஸ்.

1858 நவம்பர் 30-ல், இன்றைய வங்கதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். அப்பா அரசு அதிகாரி. ஆனாலும் மகனை முதலில் தாய்மொழிப் பள்ளியில்தான் சேர்த்தார். அங்கே பக்கத்தில் உட்கார்ந்தவன் ஒரு மீனவரின் மகன். நம் எண்ணூர்ப் பிள்ளைகளைப் போல அவனுக்கும் தண்ணீரில் வாழும் உயிர்களைப் பற்றி நிறையத் தெரியும். அந்தக் கதைகளைப் போஸ் ஆசையோடு கேட்பார்.

இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்து, 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியர் ஆனார். வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதைவிடக் குறைவு. வேலை ஒன்றுதானே? போஸ் வேலையை விடவில்லை. ஒழுங்காகப் பாடம் நடத்தினார். சம்பளத்தை மட்டும் தொடவில்லை. மூன்று வருடம்! வீட்டிலோ அப்பாவின் கடன். அந்தக் கஷ்டத்துக்கு நடுவில்தான் 1887-ல் அபலாவை மணந்தார். (அபலா நம் சென்னையில் மருத்துவம் படித்தவர். உடல்நலம் கெட்டதால் படிப்பை முடிக்க முடியவில்லை.) கடைசியில் அரசு இறங்கி வந்தது. முழுச் சம்பளமும் பழைய பாக்கியோடு கிடைத்தது. அப்பாவின் கடனை அடைத்தார்.

நல்ல ஆய்வுக்கூடம்கூட அவருக்கு இல்லை. ஒரு சின்ன அறைதான். 1895-ல் கம்பியே இல்லாமல் அவர் அனுப்பிய மின் அலை, சுவரைத் தாண்டிப் போய் மணியை அடித்தது, வெடிமருந்தை வெடிக்க வைத்தது! வரும் அலையை உணர, கலீனா என்னும் ஈயக் கனிமத்தின் படிகத்தைப் பயன்படுத்தினார். அதற்குத்தான் 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதுவும் நண்பர்கள் வற்புறுத்தியதால் விண்ணப்பித்தது. கண்டுபிடிப்பைக் காசாக்க அவருக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் காசு பார்த்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்!

1907-ல் இங்கிலாந்துக்காரர் ஹென்றி ரவுண்ட் வேறொரு படிகத்தில் மின்சாரம் செலுத்தியபோது அது ஒளி விட்டது. எல்.இ.டி.யின் கதை அங்கே தொடங்கியது. போஸோ அதற்குள் செடிகளை ஆராயப் போய்விட்டார். 1917-ல், தம் பிறந்தநாளிலேயே, கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். 1937 நவம்பர் 23-ல் மறைந்தார். இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் அவருக்கு 79 வயது நிறைந்திருக்கும்.