பந்து வீச்சாளர் பல்வங்கர் பாலு

பிசான அறுவடை முடிந்து தாள் காய்ந்து கிடக்கும் நாட்களில், களக்காட்டைச் சுற்றியுள்ள வயல்களில் மாலைதோறும் நம் சிறுவர்கள் கிரிக்கெட் ஆடக் காண்கிறோம். மூன்று குச்சிகளும், ஒரு இரப்பர்ப் பந்தும், தென்னை மட்டையைச் செதுக்கிய மட்டையொன்றும் இருந்தால் போதும். இருட்டும் வரை ஆட்டம் ஓயாது. இன்றைய பந்து வீச்சாளர் யார் யார், எவர் எத்தனை விக்கெட் வீழ்த்தினார் என்பதெல்லாம் அச்சிறுவர்களுக்கு மனப்பாடம். ஆனால் இந்திய மண் ஈன்ற முதற் பெரும் பந்து வீச்சாளர் யார், அவர் எந்தக் குலத்தில் பிறந்தார் என்று கேட்டால் விடை வருவதில்லை. குற்றம் அவர்களுடையதன்று. நாமே அண்மைக் காலம் வரை அறிந்திலோம். வரலாற்றாசிரியர் இராமச்சந்திர குஹா 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட இந்தியக் கிரிக்கெட் வரலாற்று நூல் வாயிலாகத்தான் அப்பெயர் பலருக்குத் தெரிய வந்தது. சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அப்பெரியாரின் வாழ்வைச் சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

பல்வங்கர் பாலு 1870களின் நடுவில் தார்வாரில் பிறந்தவர். கொங்கணக் கடற்கரையைச் சேர்ந்த பல்வன் என்னும் ஊர் அவர் முன்னோருடையது. குடும்பப் பெயரும் அவ்வூரால் வந்ததே. தோல் தொழிலோடு பிணைத்து ஒதுக்கப்பட்ட சமார் வகுப்பினர் அவர். நம் நாட்டு அருந்ததிய மக்களின் நிலையை எண்ணிப் பார்த்தால் அவ்வகுப்பாரின் நிலை எளிதில் விளங்கும். தந்தையார் படைத்துறையில் பணிபுரிந்தமையால் குடும்பம் பூனாவில் வாழ்ந்தது. படை அதிகாரிகள் கழித்துப் போட்ட மட்டையையும் பந்தையும் வைத்தே பாலுவும் அவர் தம்பி சிவராமும் ஆடப் பழகினர்.

பிழைப்புக்காகப் பாலு முதலில் பார்சிக்காரர்களின் கிரிக்கெட் சங்கமொன்றில் ஆடுகளத்தைப் பெருக்கி உருளையிடும் வேலையில் அமர்ந்தார். மாதச் சம்பளம் மூன்று ரூபாய். பின்னர் 1892ஆம் ஆண்டளவில் வெள்ளையரின் பூனா சங்கத்திற்கு மாறினார். ஆங்கு நான்கு ரூபாய். களம் செப்பனிடுதல், பயிற்சி வலை கட்டுதல், கோடிடுதல் ஆகியவற்றோடு, துரைமார் மட்டை பிடித்துப் பழகும்பொழுது அவர்களுக்குப் பந்து வீசுவதும் அவர் கடமையாயிற்று. இடக்கையால் மெதுவாக வீசுவார். பந்து தரையில் பட்டதும் உள்ளே திரும்புமோ வெளியே திரும்புமோ என்று மட்டையாளர் அறிய இயலாது. கிரெய்க் என்னும் புகழ்பெற்ற ஆங்கில மட்டையாளர் ஏனையோர் வருமுன்னரே வந்து பாலுவின் பந்துகளை எதிர்கொண்டு பயிற்சி பெறுவாராம். தம்மை வீழ்த்தும் ஒவ்வொரு முறையும் எட்டணா கொடுப்பார் என்றும் சொல்வர். மாதம் நான்கு ரூபாய் ஊதியம் பெறுவோனுக்கு எட்டணா என்பது ஏறத்தாழ நான்கு நாள் கூலி. கதை மெய்யோ அன்றோ, அக்கையின் திறம் அதனால் விளங்குகிறது.

ஒன்று இங்கே குறிக்கத்தக்கது. ஆண்டுக்கணக்கில் அவ்வலையில் பந்து வீசிய பாலுவுக்கு மட்டை பிடிக்கும் வாய்ப்பு அளிக்கப்படவில்லை. வியர்வை சிந்திப் பந்து எறிவது வேலையாளின் பணி, மட்டை பிடிப்பது துரையின் உரிமை என்பது அக்கால வழக்கம். மட்டையாளருக்கே மதிப்பு மிகுதி என்னும் எண்ணம் இன்றும் முற்றிலும் மறைந்தபாடில்லை.

வெள்ளையரை வெல்ல விரும்பிய பூனா இந்துக்களின் சங்கத்தாருக்குப் பாலு தேவைப்பட்டார். ஆனால் அவரைச் சேர்த்துக்கொள்ள உயர்சாதி உறுப்பினர் பலர் தயங்கினர். நெடிய வாதத்திற்குப் பின்னரே சேர்த்தனர். களத்தில் அவர் தொட்ட பந்தை ஏனையோரும் தொட்டனர். தொடாமல் ஆட்டம் ஏது? ஆனால் இடைவேளையில் அவர்கள் மண்டபத்தினுள் பீங்கான் கோப்பையில் தேநீர் அருந்த, பாலுவுக்கு வெளியே மண் குவளையில் ஊற்றப்பட்டது. உணவும் தனித் தட்டில், தனி மேசையில். முகம் கழுவ நீர் வேண்டினால் ஒதுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஏவலாள் ஒருவனே கொண்டுவந்து ஊற்ற வேண்டும். தேநீர்க் கடைகளில் தனிக் குவளையும் சிரட்டையும் கண்டு வளர்ந்த நம் பெரியவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

சாத்தாராவில் வெள்ளையர் அணியோடு நடந்த ஆட்டத்தில், பாலுவின் பந்து திரும்பாதிருக்க வேண்டுமென்று எதிரணியினர் ஒரு வாரம் களத்தை உருளையிட்டு இறுக்கினர் என்பர். பாலு ஏழு விக்கெட்டுகளை வீழ்த்தினார். அதன் பின்னரே பூனாவின் பெரிய மனிதர்கள் விழித்தனர். நீதியரசர் ரானடே பொதுவிழாவில் அவருக்கு மாலையிட்டார்; திலகரும் அவரைப் புகழ்ந்து பேசினார்.

பூனாவில் கொள்ளை நோய் பரவிய காலத்தில் பாலு பம்பாய்க்கு, அதாவது இன்றைய மும்பைக்குக் குடிபெயர்ந்தார். இந்து ஜிம்கானாவிலும் எதிர்ப்பு எழுந்தது, அதுவும் அடங்கிற்று. அந்நாளில் அணிகள் மதவாரியாகவே அமைந்தன; ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள் என்று பிரிந்து ஆடினர். முசுலிம்களின் அணி 1912இல் சேர்ந்தபின் நால்வர் போட்டியாயிற்று. 1906ஆம் ஆண்டு பம்பாயில் இந்து அணி ஐரோப்பியரை 109 ஓட்டங்களால் வென்றது. அவ்வெற்றியில் பாலுவும் சிவராமும் பங்கு கொண்டனர். வெற்றி தேடும்பொழுது பாலு இந்துவாக எண்ணப்பட்டார்; கோவில் வாயிலில் அவ்வெண்ணிக்கை செல்லாது.

1911ஆம் ஆண்டு பட்டியாலா மகாராசர் தலைமையில் அனைத்திந்திய அணி ஒன்று இங்கிலாந்து சென்றது. அணி 23 ஆட்டங்களில் ஆறில் வென்று பதினைந்தில் தோற்றது. அத்தோல்விகளுக்கிடையே பாலு மட்டும் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவற்றுள் 75 முதல்தர ஆட்டங்களில் பெற்றவை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்கு எதிராக ஒரே இன்னிங்சில் எட்டு விக்கெட்டுகளை 103 ஓட்டங்கள் கொடுத்து எடுத்தார். லெஸ்டர்ஷயர் அணியை இந்தியர் வென்ற ஆட்டத்தில் பதினொரு விக்கெட்டுகள் அவருடையவை. அக்காலத்தில் மழை பெய்தால் களத்தை இன்றுபோல் மூடுவதில்லை. நனைந்து உலரும் மண்ணில் சுழற்பந்து பாம்பெனத் திரும்பும். ஆனால் அவ்வாண்டு இங்கிலாந்தில் வெயில் கடுமையாகக் காய்ந்த கோடை. சுழற்பந்துக்கு உதவாத வறண்ட களங்களில், தோள் வலியோடு, முப்பத்தைந்து வயதளவில் அவர் இவ்வளவும் செய்தார் என்பதை நம் இளைஞர் மனத்திற்கொள்ள வேண்டும்.

நாடு திரும்பிய அவருக்குப் பம்பாயில் ஒடுக்கப்பட்ட மக்கள் பாராட்டு விழா எடுத்தனர். அவ்விழாவுக்குரிய பாராட்டு மடலை வரைந்தவர் அன்று கல்லூரி மாணவராக இருந்த ஓர் இளைஞர். அவ்விளைஞரே பின்னாளில் அண்ணல் அம்பேத்கர் என்று நாம் போற்றும் பெருந்தகை.

இனி, தலைமைப் பதவியின் கதை. இந்து அணியில் திறத்தாலும் ஆண்டுகளாலும் மூத்தவர் பாலுவே. ஆயினும் ஆண்டுதோறும் தலைமை வேறொருவருக்கே சென்றது. சில ஆண்டுகள் தலைமை தாங்கிய பாய் என்பார், அம்மதிப்பு பாலுவுக்கே உரியது என்று தாமே கூறிய நேர்மையாளர். 1920இல் பாய் உடல்நலமின்றி விலக, இளையவரான தேவதார் என்னும் பிராமணரைத் தலைவராக்கினர். பாலுவோ அணியினின்றே நீக்கப்பட்டார். தம்பியர் விட்டலும் சிவராமும் பொறுக்கவில்லை. பத்திரிகைகளில் அறிக்கை விடுத்து, சாதி காரணமாகவே தம் தமையன் புறக்கணிக்கப்பட்டார் என்று வெளிப்படையாகச் சாடி ஆட்டத்தினின்று விலகினர். அக்காலத்தில் இத்தகைய துணிவு எளிதன்று. மக்கள் கருத்து அவர்கள் பக்கம் திரும்பியது. இறுதி ஆட்டத்திற்குப் பாய் மீண்டும் தலைவரானார்; பாலு துணைத் தலைவரானார்; தம்பியரும் திரும்பினர். ஆட்டத்தினிடையே பாய் வேண்டுமென்றே களத்தைவிட்டு வெளியேற, அச்சிறிது நேரம் பாலு அணியை நடத்தினார். அவர் வாழ்வில் கிட்டிய தலைமை அவ்வளவே.

மூன்றாண்டு கழித்து, 1923இல் விட்டல் அணியின் தலைவராக்கப்பட்டார். ஐரோப்பியரை வென்று கோப்பையைக் கைப்பற்றிய அன்று, உயர்சாதி இளைஞர்கள் அவரைத் தோளில் தூக்கிச் சென்றனர். அண்ணன் உழுது வைத்த வயலில் தம்பி அறுத்தார் எனலாம்.

முதல்தர ஆட்டங்கள் முப்பத்து மூன்றில் பாலு வீழ்த்தியவை 179 விக்கெட்டுகள். ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ஓட்டம் சராசரி பதினைந்தே. இந்தியா முதல் டெஸ்ட் ஆட்டத்தை 1932இல்தான் ஆடியது; அப்பொழுது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. ஆகவே டெஸ்ட் வீரர் பட்டியலில் அவர் பெயரைக் காண முடியாது. ஆட்டமோ பெரிதும் மாறிவிட்டது. மதவாரிப் போட்டிகள் 1946இல் முடிவுற்றன. களங்கள் மழைக்கு மூடப்படுகின்றன. இருபது ஓவர் ஆட்டத்தில் ஒருவர் நான்கு ஓவர்களுக்கு மேல் வீச இயலாது. நாள் முழுதும் சளைக்காது வீசிய பாலுவுக்கு இருபத்து நான்கு பந்துகள் என்பது கை சூடேறவும் போதாது. 2008 முதல் ஏலத்தில் வீரர் விலை கோடிகளில் ஏறுகிறது. நம் தாழையூத்துப் பகுதிச் சங்கர் நகர் மைதானத்திலேயே மின்னொளியில் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் நடந்துள்ளன. அன்று பாலுவைத் தடுத்தது குவளை. இன்று மட்டைக்கும் காலணிக்கும் பயிற்சிக் கட்டணத்திற்கும் ஆகும் செலவே நம் சிறுவரை வயலிலேயே நிறுத்திவிடுகிறது.

லகான் என்னும் இந்திப் படத்தில் வரும் ஊனக்கைப் பந்து வீச்சாளனைப் பாலுவை நினைந்தே படைத்தனர் என்பாரும் உளர். நமக்கு அது அத்துணை உவப்பாக இல்லை. படத்தில் பந்து ஊனத்தால் தானே சுழல்கிறது. பாலுவின் பந்தோ பல்லாண்டுப் பயிற்சியால் சுழன்றது.

அரசியல் வாழ்வை மறைத்தல் தகாது. மலர்க் குழுவில் இதுபற்றிக் கடும் வாதமே நிகழ்ந்தது. 1932 செப்டம்பர் 24ஆம் நாள் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில், நம் எம்.சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன் ஆகியோரோடு பாலுவும் கையொப்பமிட்டார். தனித் தொகுதி கேட்ட அண்ணலின் வழியை அவர் ஏற்கவில்லை. கூட்டுத் தொகுதியையே ஆதரித்தார். 1937இல் பம்பாய்ச் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரசு வேட்பாளராக அண்ணலையே எதிர்த்து நின்றார். அண்ணல் பெற்றவை 13,245 வாக்குகள். பாலு பெற்றவை 11,225. அண்ணலை எதிர்த்தவருக்கு நம் மலரில் இடம் எதற்கு என்று அன்பர் சிலர் வினவியது இயல்பே. நாமும் அத்தேர்தலில் அண்ணலின் வெற்றியையே வெற்றியாகக் கொள்கிறோம். ஆயினும் பாலு விலை போனவர் என்று கூற எமக்கு மனம் வரவில்லை. மண் குவளையில் தொடங்கி, தம்பி தோளில் சுமக்கப்பட்டதைக் கண்டவர் அவர். இந்துக்கள் மெல்ல மாறுவர் என்று அவர் நம்பியதற்கு ஆட்டக்களத்தில் சான்று கண்டார். மகத் குளத்தில் நீர் அருந்தச் சென்று அடி வாங்கிய மக்களைக் கண்ட அண்ணலுக்கு அந்நம்பிக்கை இல்லை. இருவரும் தாம் கண்டதையே பேசினர்.

பாலு 1955 சூலை 4ஆம் நாள் பம்பாயில் காலமானார். அடுத்த ஆண்டு திசம்பரில் அண்ணலும் மறைந்தார்.

நெடிய வாதத்தின் முடிவில், சங்கப் படிப்பகத்தில் அண்ணலின் படம் உள்ள அறையிலேயே பாலுவின் படமும் இடம்பெறுவதென்று குழு ஒப்புக்கொண்டது. அதன்கீழ் 1911ஆம் ஆண்டையும் 114 என்னும் எண்ணையும், பாராட்டு மடல் வரைந்தவரின் பெயரையும் பொறிக்கச் சொல்லியிருக்கிறோம்.