திருவையாறு ராஜலட்சுமி: நடித்தவர், படம் எடுத்தவர்



தமிழில் முதல் பேசும் படம் எது? இந்த ஒரு மார்க் கேள்விக்கு நம்ம பள்ளியில் எல்லாருக்கும் விடை தெரியும். காளிதாஸ், 1931. பொது அறிவுப் புத்தகத்தில் அதோடு முடிந்துவிடும். அந்தப் படத்தின் கதாநாயகி யார் என்று நான் நம்ம வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். யாருக்கும் தெரியவில்லை. அவர் நம்ம தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர். நாம் பஸ்ஸில் அடிக்கடி கடந்து போகிற திருவையாற்றில் பிறந்தவர். பெயர் டி.பி. ராஜலட்சுமி. தென்னிந்தியாவிலேயே முதன்முதலில் படம் இயக்கிய பெண்ணும் அவர்தான். அதனால் இந்த மாதச் சுவர்ப் பத்திரிகையில் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

சின்ன வயசும் கல்யாணமும்

ராஜலட்சுமி 1911-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் தேதி பிறந்தார். அப்பா பெயர் பஞ்சாபகேச சாஸ்திரி. கிராமத்துக் கணக்கு எழுதும் கர்ணம் வேலை பார்த்தார். கர்ணம் என்றால் இப்போதைய வி.ஏ.ஓ. மாதிரி. டி என்பது திருவையாறு, பி என்பது பஞ்சாபகேச. ஊரும் அப்பாவும் கடைசி வரை அவர் பெயரோடு சேர்ந்தே இருந்தார்கள்.

சின்ன வயசிலேயே ராஜலட்சுமி நன்றாகப் பாடுவார். பாட்டைக் கேட்டால் அப்படியே திருப்பிப் பாடிவிடுவாராம். ஆனால் அந்தக் காலத்தில் பாட்டுப் பாடும் பிள்ளைக்கும் சின்ன வயசிலேயே கல்யாணம்தான். அவருக்கும் அப்படியே நடந்தது. கல்யாணம் என்றால் என்னவென்றே தெரியாத வயசு. அந்தக் கல்யாணம் வரதட்சணைத் தகராறில் முறிந்துபோனது. சின்னப் பெண் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டார். கொஞ்ச காலத்தில் அப்பாவும் இறந்துவிட்டார். வீட்டில் அம்மாவும் மகளும்தான். சம்பாதிக்க ஆள் இல்லை.

அப்போது குழந்தைத் திருமணத்தைத் தடுக்கச் சட்டம் கிடையாது. 1929-ஆம் ஆண்டில்தான் சாரதா சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் பெண்ணுக்கு வைத்த வயசு 14. நான் இதைப் படித்ததும் ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டேன். எனக்கு இப்போது 14 வயசு. ரொம்ப முன்னேற்றமானது என்று பேசப்பட்ட அந்தச் சட்டப்படியே பார்த்தாலும் எனக்கு இன்று கல்யாண வயசு ஆகிவிட்டது! ராஜலட்சுமிக்கு அந்தச் சட்டம்கூட வந்து சேரவில்லை.

திருச்சி நாடகக் கம்பெனி

அம்மாவும் மகளும் பிழைப்புக்காகத் திருச்சிக்குப் போனார்கள். அங்கே சி.எஸ். சாமண்ணா ஐயரின் நாடகக் கம்பெனி இருந்தது. நாடக உலகில் எல்லாரும் மதிக்கும் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளின் ஆதரவு ராஜலட்சுமிக்குக் கிடைத்தது. பவளக்கொடி நாடகத்தில் மேடை ஏறினார்.

அந்தக் காலத்தில் பல கம்பெனிகளில் பெண் வேஷத்தையும் பையன்களே போடுவார்கள். பாய்ஸ் கம்பெனி என்றே அதற்குப் பெயர். பெண் மேடை ஏறினால் ஊர் ஒரு மாதிரியாகப் பேசும். புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்த பெண் மேடை ஏறினால் இன்னும் என்னவெல்லாம் பேசியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் அந்தப் பெண் தன் அம்மாவுக்கும் தனக்கும் சோறு போட்டார்.

மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கும்படி ராத்திரி முழுக்கப் பாட வேண்டும். வசனம் மறந்தாலும் நிறுத்த முடியாது. இந்தப் பயிற்சிதான் பிறகு சினிமாவில் அவருக்குக் கை கொடுத்தது.

ஊமைப் படத்திலிருந்து பேசும் படத்துக்கு

முதலில் வந்தவை ஊமைப் படங்கள். 1929-ஆம் ஆண்டு ஏ. நாராயணனின் கம்பெனி சென்னையில் எடுத்த கோவலன் என்ற ஊமைப் படத்தில் ராஜலட்சுமி நடித்தார். பாட்டுக்காகவே பேர் வாங்கியவர் வாயைத் திறந்தும் சத்தம் வராத படத்தில் நடித்திருக்கிறார்!

1931 மார்ச் மாதம் பம்பாயில் ஆலம் ஆரா என்ற இந்திப் படம் வந்தது. இந்தியாவின் முதல் பேசும் படம். எடுத்தவர் அர்தேஷிர் இரானி. அந்த ஸ்டுடியோ ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்ததால் ரயில் சத்தம் ஒலிப்பதிவில் விழுந்துவிடும். அதனால் ரயில் ஓடாத நடு ராத்திரியில் அந்தப் படத்தை எடுத்தார்களாம். அதே இரானியின் கம்பெனிதான் காளிதாஸ் படத்தையும் எடுத்தது. இயக்கியவர் எச்.எம். ரெட்டி.

பாட்டும் தெரிய வேண்டும், நடிப்பும் தெரிய வேண்டும், மைக்குக்கு முன்னால் பயப்படவும் கூடாது. அப்படிப்பட்ட நடிகையைத் தேடியபோது ராஜலட்சுமி கிடைத்தார். பம்பாய் போய் நடித்தார். இப்போது மாதிரி டப்பிங் எல்லாம் அப்போது கிடையாது. கேமராவுக்கு முன்னால் பேசுவதும் பாடுவதும்தான் படத்தில் வரும்.

கதை இதுதான். ஒரு மந்திரி தன் மகனுக்கு இளவரசியைக் கேட்கிறான். அவள் மறுக்கிறாள். அந்தக் கோபத்தில், படிப்பில்லாத ஆடு மாடு மேய்ப்பவனைப் பண்டிதன் என்று ஏமாற்றி அவளுக்குக் கட்டிவைத்துவிடுகிறான். காளியின் அருளால் அவன் கவி காளிதாசன் ஆகிறான். இளவரசியாக நடித்தவர் ராஜலட்சுமி. கதாநாயகி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொல்வாராம்! இன்று கேட்டால் சிரிப்பு வருகிறது. ஆனால் திரையில் படம் பேசுவதையே முதல் தடவை கேட்டவர்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் காந்தியையும் கைராட்டையையும் பற்றிய பாட்டு ஒன்றும் அதில் இருந்தது. எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். வெள்ளைக்காரன் ஆட்சியிலேயே அந்தத் துணிச்சல்!

1931 அக்டோபர் 31-ஆம் தேதி சென்னை கினிமா சென்ட்ரல் தியேட்டரில் படம் வெளியானது. படப்பெட்டி வந்தபோது ஜனங்கள் பூப்போட்டுத் தேங்காய் உடைத்து ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள் என்று சொல்வார்கள். அன்றைக்கு ராஜலட்சுமிக்கு இருபது வயசு முடியப் பதினொரு நாள் பாக்கி.

சினிமா ராணி

அதன் பிறகு 1933-ல் வள்ளி திருமணம் வந்து நன்றாக ஓடியது. வள்ளி அவர்தான். அந்தச் சமயத்தில் கூட நடித்த டி.வி. சுந்தரத்தை அவர் திருமணம் செய்துகொண்டார். முதல் கல்யாணம் யாரோ பேசி முடித்தது. இந்தக் கல்யாணம் அவரே விரும்பிச் செய்துகொண்டது. ஜனங்கள் அவரை சினிமா ராணி என்று கூப்பிட்டார்கள். நல்ல பணம் வந்தது, வீடு வாசல் வந்தது.

சொந்தப் படம்

இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இருக்கிறது. நடிகையாக இருந்தால் சம்பளம் வரும். படம் ஓடாவிட்டாலும் சம்பளம் சம்பளம்தான். ஆனால் எந்தக் கதை, யார் கூட நடிப்பது, முடிவு என்ன என்பதையெல்லாம் வேறு யாரோ முடிவு செய்வார்கள். தயாரிப்பாளர் என்றால் தலைகீழ். ஸ்டுடியோ வாடகை, பிலிம் சுருள், எல்லாருடைய சம்பளம், சாப்பாடு எல்லாம் அவர் தலையில். படம் ஓடினால் லாபம், ஓடாவிட்டால் வீடு போகும். ஆனால் கதை அவருடையது.

ராஜலட்சுமி இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். அவர் கமலவல்லி என்று ஒரு நாவல் எழுதியிருந்தார். பெண்ணின் மனசைக் கேட்காமல் செய்து வைக்கும் கல்யாணத்தைப் பற்றிய கதை. அதை மிஸ் கமலா என்ற பெயரில் 1936-ல் படமாக்கினார். கதை அவர், தயாரிப்பு அவர், இயக்கம் அவர், கதாநாயகியும் அவர். கேமராவுக்குப் பின்னால் நின்று ஆண்களுக்கெல்லாம் ஒரு பெண் வேலை சொன்னார். மற்றவர்கள் எல்லாம் புராணப் படம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் இவர் அந்தக் காலத்துப் பெண்ணின் கதையை எடுத்தார். தன் மகளுக்கும் கமலா என்றே பெயர் வைத்தார்.

சின்னப் பெண்ணாக இருந்தபோது தனக்கு நடந்ததை அவரால் மாற்ற முடியவில்லை. வளர்ந்த பிறகு, தன் சொந்தக் காசில், அதைப் பற்றி ஊருக்கே கதை சொன்னார். பெண் சிசுவைக் கொல்லும் கொடுமைக்கு எதிராகவும் இருந்தார். அப்படிச் சாகக் கிடந்த ஒரு குழந்தையைக் காப்பாற்றித் தன் வீட்டிலேயே வளர்த்தார்.

நஷ்டம்

பிறகு மதுரை வீரன் எடுத்தார். நாட்டுப்பற்றைச் சொல்லும் இந்தியத் தாய் என்ற படமும் எடுத்தார். அதற்கு வெள்ளைக்கார அரசாங்கத்தின் தணிக்கையில் தொல்லை வந்தது. நஷ்டமும் வந்தது. சேர்த்த சொத்து கரைந்தது. புதுக் கதாநாயகிகள் வந்தார்கள், இவருக்கு வாய்ப்பு குறைந்தது. 1964-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் சென்னையில் காலமானார். வயசு 52.

காளிதாஸ் படத்தின் பிரதி இன்று கிடையாது. மிஸ் கமலாவும் கிடைக்கவில்லை. அவர் எப்படிப் பேசினார், எப்படி நடித்தார் என்று அந்தப் படங்களில் நாம் பார்க்க முடியாது. இது எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது.

பின்னால் வந்தவர்கள்

ராஜலட்சுமி போட்ட பாதையில் பிறகு பலர் நடந்தார்கள். பி. பானுமதி கணவரோடு சேர்ந்து பரணி பிக்சர்ஸ் என்ற கம்பெனியை நடத்தினார். 1953-ல் சண்டிராணி படத்தைத் தமிழ், தெலுங்கு, இந்தி என்று மூன்று மொழியிலும் அவரே இயக்கினார். அஞ்சலிதேவியின் சொந்தக் கம்பெனி எடுத்த மணாளனே மங்கையின் பாக்கியம் 1957-ல் வந்து நன்றாக ஓடியது. நடிகையர் திலகம் சாவித்திரி 1971-ல் பிராப்தம் என்ற படத்தைத் தயாரித்து இயக்கிப் பெரிய நஷ்டப்பட்டார். அதாவது இந்தப் பாதையில் ஜெயித்தவர்களும் உண்டு, விழுந்தவர்களும் உண்டு.

நான் நினைப்பது

இந்தக் கட்டுரையை எழுதும்போது எங்கள் அப்பாயிக்குப் படித்துக் காட்டினேன். முதலில் அப்பாயிக்குப் பிடிக்கவில்லை. கூத்தாடுகிறவளைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் எழுதலாமா என்று கேட்டது. கல்யாணம் முறிந்த இடம் வந்ததும் பேசாமல் கேட்க ஆரம்பித்தது. கடைசியில் ஒரே கேள்விதான் கேட்டது. அந்தம்மாவுக்குப் போன காசு திரும்பக் கிடைத்ததா என்று. இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, தொலைப்பதற்காவது அவளுக்கென்று காசு இருந்ததே என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டது. எங்கள் அப்பாயி ஐம்பது வருஷம் வயல் வேலை பார்த்திருக்கிறது. கூலியை ஒரு நாளும் தன் கையில் வைத்திருந்ததில்லை.

நஷ்டப்பட்டதால் ராஜலட்சுமி தோற்றுவிட்டார் என்று நான் முதலில் எழுதலாம் என்று இருந்தேன். அப்பாயி சொன்னதைக் கேட்ட பிறகு அப்படி எழுத மனசு வரவில்லை. தன் காசைத் தன் கதைக்கு அவர் செலவு செய்தார். அது அவர் எடுத்த முடிவு.

தோழிகளே! நடிகை ஆகுங்கள் என்று நான் சொல்லவில்லை. டீச்சரோ நர்ஸோ போலீஸோ, என்ன ஆனாலும் நம் பாதையை நாம் தேர்ந்தெடுக்க முதலில் படிப்பை முடிக்க வேண்டும். என்கூட எட்டாவது படித்த ஒருத்தி இந்த வருஷம் பள்ளிக்கு வரவில்லை. கேட்டால் வீட்டில் இருக்கிறாள் என்கிறார்கள். ராஜலட்சுமியின் கதையைப் படித்தபோது எனக்கு அவள் ஞாபகம்தான் வந்தது. இன்று சட்டப்படி பெண்ணின் கல்யாண வயசு 18. அதற்கு முன்னால் யாருக்காவது கல்யாணம் பேசினால் 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். காசு கிடையாது, பெயரையும் வெளியே சொல்ல மாட்டார்கள். ராஜலட்சுமி காலத்தில் இந்த எண் இல்லை. நமக்கு இருக்கிறது.

இனிமேல் ஒரு மார்க் கேள்விக்கு காளிதாஸ் என்று எழுதும்போது, பக்கத்தில் மனசுக்குள்ளாவது டி.பி. ராஜலட்சுமி என்று சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.



நினைவில் வைக்க:
பிறப்பு – 11.11.1911, திருவையாறு
முதல் ஊமைப் படம் – கோவலன், 1929
முதல் பேசும் படம் – காளிதாஸ், 1931
இயக்கித் தயாரித்த முதல் படம் – மிஸ் கமலா, 1936
மறைவு – 1964, சென்னை

எழுதியவர்: ஒன்பதாம் வகுப்பு மாணவி