எதுவுமே தெரியாதபோது கணக்கை எங்கே தொடங்குவது? வழி சொன்ன லாப்லாஸ்

ஆன்லைனில் 2 கடைகள். ஒன்றுக்கு 2 ரிவ்யூதான், இரண்டுமே நல்லது. இன்னொன்றுக்கு 100 ரிவ்யூ, அதில் 90 நல்லது. ‘ஃபுல் மார்க்’ வாங்கிய முதல் கடையை நம்பலாமா? இந்த மாதிரி குழப்பத்துக்கு 250 ஆண்டுகளுக்கு முன்பே கணக்கு போட்டவர், பிரெஞ்சு அறிஞர் பியர் சிமோன் லாப்லாஸ்.

யார் இவர்?

1749 மார்ச் 23-ல் பிரான்ஸின் நார்மண்டி பகுதியில் பிறந்தார். மகன் பாதிரியார் ஆகட்டும் என்று வீட்டில் படிக்க அனுப்பினார்கள். அவருக்கோ கணிதத்தின் மீதுதான் பித்து. 20 வயதுகூட நிரம்பாத நிலையில் பாரிஸுக்குக் கிளம்பிவிட்டார்.

1774-ல், 25 வயதில், நடந்ததை வைத்து அதன் காரணத்தைக் கணிப்பது பற்றிக் கட்டுரை எழுதினார். இங்கிலாந்தின் தாமஸ் பேய்ஸ் எழுதிய இதே போன்ற கட்டுரை, அவர் இறந்த பிறகு 1763-ல் வெளியாகியிருந்தது. ஆனால், அதைப் பெரிய கணித முறையாக வளர்த்தவர் லாப்லாஸ்தான்.

ஃபார்முலா என்ன?

ஒன்றுமே தெரியாதபோது எல்லா வாய்ப்புக்கும் சம இடம் கொடுக்க வேண்டும். தகவல் வர வர மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு நல்லது, ஒரு கெட்டதை ஏற்கெனவே பார்த்துவிட்டதாக வைத்துக்கொள்வது போலத்தான் இது. அதாவது, நல்ல ரிவ்யூவோடு 1, மொத்த ரிவ்யூவோடு 2 கூட்டி வகுக்கணும். முதல் கடைக்கு 3/4, அதாவது 75%. இரண்டாவதுக்கு 91/102, சுமார் 89%. ரிவ்யூவே இல்லாத புதுக் கடைக்கு 50%.

தகவல் குவிந்தால்?

பாரிஸில் 1745 முதல் 1770 வரை பிறந்த 2,51,527 ஆண், 2,41,945 பெண் குழந்தைகளின் கணக்கை லாப்லாஸ் எடுத்துப் பார்த்தார். முன்முடிவு எதுவும் இல்லாமல் தொடங்கியும், ஆண் குழந்தை பிறக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்பது கிட்டத்தட்ட உறுதியானது. தரவு குவிந்துவிட்டால், எங்கே தொடங்கினோம் என்பது பெரிதாகப் பாதிக்காது.

கேலி ஏன்?

5,000 ஆண்டுகளாக, 18,26,213 நாட்கள் சூரியன் உதித்திருக்கிறது என்று வைத்து, நாளையும் உதிக்க 18,26,214-க்கு 1 என்று கணக்கு சொன்னார். பலர் சிரித்தார்கள். ஆனால், வானியல் தெரிந்தவருக்கு இதைவிடப் பல மடங்கு நம்பிக்கை இருக்கும் என்று அங்கேயே அவர் எழுதியிருந்ததைச் சிரித்தவர்கள் கவனிக்கவில்லை. கோள்களின் இயக்கத்தைக் கணக்கிட்டதில் அவரே பெரிய புள்ளி. ஒன்றும் தெரியாதவருக்குத்தான் இந்த ஃபார்முலா. தெரிந்ததை ஒதுக்கிவிட்டு இதைப் பிடித்துக்கொள்ளக் கூடாது.

1827 மார்ச் 5-ல் பாரிஸில் அவர் காலமானார். ஸ்பாம் மெயிலைப் பிரிக்கும் மென்பொருள்களில் ‘லாப்லாஸ் ஸ்மூத்திங்’ என்ற பெயரில் இந்த உத்தி இன்றும் இருக்கிறது. இதுவரை பார்க்காத சொல் வந்தால், வாய்ப்பே இல்லை என்று பூஜ்யம் போடாமல் காப்பது, அந்தக் கூடுதல் 1-தான்.